அழித்தது நான்தான்

கடைத்தெருவில் அவரைத் திருப்புளி என்றால்தான் தெரியும். மற்றவர்கள் பேனா செருகுகிற சட்டைப் பையில் அவர் மூன்று திருப்புளிகளைச் செருகியிருப்பார். ஒன்று தட்டை முனை, ஒன்று நட்சத்திர முனை, மூன்றாவது கண்ணுக்கே அகப்படாத ஊசி முனை. வயது நாற்பத்தொன்பது. படிப்பு எட்டாம் வகுப்பு. அதுவும் கணக்கு வாத்தியாரின் கைக்கடிகாரத்தைப் பிரித்ததோடு முடிந்துபோனது. பிரித்ததற்காக அவரைத் துரத்தவில்லை. திரும்பப் பூட்டியபோது இரண்டு பல்சக்கரம் மிச்சமாகிவிட்டது, கடிகாரம் அப்படியும் ஓடியது, அதை வகுப்பு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அதற்காகத்தான் துரத்தினார்கள்.

அப்புறம் ரேடியோ, அப்புறம் டிவி, கடைசியில் செல்போன். தையல் கடைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் ஆறடி அகலத்தில் ஒரு கடை. வளைந்த கழுத்தில் லென்ஸ் மாட்டிய விளக்கு, சூடான காற்று ஊதும் துப்பாக்கி, செத்துப்போன டிஸ்ப்ளேக்கள் நிரம்பிய தகர டப்பா. மேசையில் எப்போதும் பழைய செய்தித்தாள் விரித்திருக்கும். கழற்றுகிற ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் தாளில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு அதற்குள் உட்கார வைப்பார். கடிகாரம் கற்றுக்கொடுத்த பாடம் அது.

கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "பொண்ணு பாக்கப் போன வீட்டுல டிவி ரிப்பேரா இருந்துச்சு. அதைச் சரி பண்ணிட்டு வந்துட்டேன்" என்பார். இரண்டு தெரு தள்ளி அக்கா வீடு. சாப்பாடு அங்கே, தூக்கம் கடைக்கு மேலே ஓர் அறையில்.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. அடுத்தவர் போனுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. முன்பு அதே தெருவில் இன்னொரு ரிப்பேர்க்காரன் இருந்தான். சரி செய்யக் கொடுத்த ஒரு பெண்ணின் படங்களைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டான். ஒருநாள் அவன் கடைக் கண்ணாடி மட்டுமல்ல, அவன் மூக்கும் உடைந்தது. அன்றிலிருந்து திருப்புளி இன்னும் கறாராகிவிட்டார். போனை வாங்கினால் கவிழ்த்துதான் வைப்பார். நிமிர்த்தினால் நேராக செட்டிங்ஸ். நடுவில் ஏதாவது செய்தி வந்து குதித்தால் சுவரில் இருக்கிற நாட்காட்டியைப் பார்ப்பார். "உள்ள தலையை விட்டா அதுக்குப் பேரு ரிப்பேர் இல்ல, திருட்டு" என்பார். தெருவில் பெண்கள் போன் கெட்டால் அவரிடம்தான் வருவார்கள். அந்தப் பெயர் அவருக்கு உயிர்.

அந்தப் பெயரே ஒருநாள் அவருடைய கழுத்தைப் பிடித்தது.

அக்காவுக்கு ஒரே மகள், பதிமூன்று வயது. வீட்டில் அவளை வாலு என்று கூப்பிடுவார்கள், பேருக்கேற்ற பிள்ளைதான். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் கடைக்குள் தலையை நீட்டி, "மாமா, இன்னைக்கு எத்தனை போனைக் கொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு ஓடுவாள். அன்று ஓடவில்லை. உள்ளே வந்து முக்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"மாமா, என் போன் ஹேங் ஆகுது."

"கேம் ஆடியே கெடுத்திருப்ப. வெச்சுட்டுப் போ."

"இப்பவே பாக்கறீங்களா?"

பூட்டைத் திறந்து, திரையை அவர் பக்கமாகத் திருப்பி, இரண்டு கையாலும் நீட்டினாள். திரையில் செய்தி மேல் செய்தியாக வந்து விழுந்துகொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒரு வரியாவது கண்ணில் பட்டிருக்கும். இவர் வாங்கிய வேகத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டு, கையில் இருந்த வேலையைத் தொடர்ந்தார்.

"மாமா..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

அவள் போகவில்லை. அவர் வேலையை முடிக்கிறவரை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய போனை நிமிர்த்தி, செட்டிங்ஸுக்குள் போய், எது இடத்தை அடைக்கிறது என்று பார்த்தார். ஒரு விளையாட்டு. சும்மா நீக்கினால் சாயங்காலமே திரும்ப இறக்கிக்கொள்வாள் என்று நினைத்து, அந்த விளையாட்டில் அவள் வைத்திருந்த அக்கவுண்டையே வேரோடு எடுத்தார். உறுதியா என்று இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் உறுதி என்று அழுத்தினார். பிறகு மொத்த போனையும் துடைத்து, கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி ஆக்கினார்.

"இந்தா. புதுப் பொண்ணு மாதிரி ஆக்கிட்டேன்."

"எல்லாமே போயிடுச்சா?"

"ஒரு தூசி இல்ல."

வாலு அந்த வெறும் திரையைப் பார்த்துக்கொண்டே எழுந்து போனாள். நன்றி சொல்லவில்லை என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

நாற்பது நாள் கழித்து வகுப்பு டீச்சர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்போதுதான் முழுக் கதையும் வெளியே வந்தது. அந்த விளையாட்டுக்குள் தன் வயதுப் பெண் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வாலுவிடம் சிநேகமாகியிருக்கிறான். இரண்டு மாதம் பாடம், பரீட்சை, அம்மா திட்டியது என்று பேசிப் பேசி, ஒரு படத்தை வாங்கிக்கொண்டான். வாங்கிய மறுநாள் அவன் பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை, வளர்ந்த ஆள் என்று தெரிந்தது. சொன்னதைச் செய், இல்லாவிட்டால் படம் உன் வகுப்பு முழுக்கப் போகும் என்று மிரட்ட ஆரம்பித்தான். ஒன்பது நாள் அந்த மிரட்டலைப் பொறுத்துக்கொண்டு, பத்தாம் நாள் அவள் நம்புகிற ஒரே ஆளிடம் போனைத் திறந்து நீட்டியிருக்கிறாள். வாயால் சொல்ல வரவில்லை, அவராகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

அக்கவுண்ட் காணாமல் போனதும் அவன் வாலுவின் சிநேகிதிக்கு எழுதினான். படித்ததும் தானாக மறைகிற வகைச் செய்தி. அந்தப் பெண் பயந்துபோய் டீச்சரிடம் வாயால் சொன்னாள், காட்ட எதுவும் மிஞ்சவில்லை.

அக்கா அடுப்படியில் சுவரில் சாய்ந்து நின்றாள். "அந்தப் போன்ல எல்லாம் இருந்திருக்கும் இல்லடா தம்பி?"

"இருந்துச்சு."

"இப்ப?"

"நான்தான் அழிச்சேன்கா."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவர் பிற்பாடு பலரிடம் சொன்னார்.

மச்சான், அதாவது அக்கா புருஷன், ஒரு மருந்துக் கிடங்கில் பொருள் கணக்குப் பார்க்கிறவர். சத்தமாகத் தும்மக்கூட யோசிக்கிற மனிதர். அவரைக் கூட்டிக்கொண்டு திருப்புளி காவல் நிலையத்துக்குப் போனார். புகார் எழுதுகிற ரைட்டர் போனை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இதுல என்னய்யா இருக்கு? படம் இல்ல, பேச்சு இல்ல, அக்கவுண்டும் இல்ல. எதை வெச்சு நான் எழுதறது?"

"பிள்ளை சொல்றா சார்."

"பிள்ளை சொல்லும். நாளைக்கு இல்லன்னும் சொல்லும். போனை வாங்கி வெச்சுட்டு ஒழுங்காப் படிக்கச் சொல்லுங்க."

எழுதாமலே அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் மச்சான் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சில் நிம்மதியும் இருந்தது, அதுதான் திருப்புளிக்குப் பொறுக்கவில்லை. வாலு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். அவர் சாப்பிட வருகிற நேரத்தில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தக் காலத்தில் திருப்புளியின் கடையில் நடந்ததைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். தண்ணீரில் விழுந்த போனை உலர்த்துகிறேன் என்று சூட்டுத் துப்பாக்கியை வைத்து உருக்கிவிட்டார். ஒரு கிழவரின் போனுக்கு வேறொருவரின் பின்மூடியைப் போட்டு அனுப்பினார். கிழவர் திரும்பி வந்து, "தம்பி, என் போனுக்குப் பின்னாடி யாரோ ஒரு நடிகை ஒட்டியிருக்கா. என் வீட்டுக்காரி நேத்துலேர்ந்து சோறு போடல" என்றார்.

ஒரு முற்பகல், சார்ஜ் ஏறாத ஒரு போனைப் பிரித்து வழக்கம்போல வட்டம் போட்டு ஸ்க்ரூக்களை வைத்துக்கொண்டிருந்தார். ஏழு மாதத்துக்கு முந்தைய செய்தித்தாள். நாலாவது வட்டத்தைப் போட்டபோது அதற்குள் இரண்டு சொல் மாட்டிக்கொண்டது. தொண்ணூறு நாள். எதற்குத் தொண்ணூறு நாள் என்று ஸ்க்ரூவை நகர்த்தினார். பக்கத்து வரியைப் படிக்க இன்னொரு ஸ்க்ரூவை நகர்த்தினார். கடைசியில் எல்லா ஸ்க்ரூவையும் தள்ளிவிட்டு, போனைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, தாளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

இணையத்தில் குழந்தைகளைச் சுரண்டுகிறவர்களுக்கு எதிராக மாநிலச் சட்டமன்றம் பழைய சட்டத்தைக் கெட்டிப்படுத்தித் திருத்தியிருக்கிறது, அது நடைமுறைக்கு வந்துவிட்டது என்று செய்தி. ஒரு குழந்தையின் அக்கவுண்ட் அழிக்கப்பட்டாலும் அதில் இருந்ததைக் கம்பெனி தொண்ணூறு நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். காவல் நிலையம் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். யாரும் கேட்காவிட்டால் தொண்ணூறாம் நாள் முடிவில் அது நிஜமாகவே அழிந்துவிடும்.

திருப்புளி தன் வேலை நோட்டை இழுத்தார். எந்தத் தேதியில் எந்தப் போனில் என்ன செய்தோம், எந்த அக்கவுண்டை எடுத்தோம் என்று எழுதி வைப்பது அவர் பழக்கம். இல்லாவிட்டால், நான் சொல்லாததை எடுத்துட்டே என்று சண்டைக்கு வருவார்கள். வாலுவின் போன், அக்கவுண்ட் பெயர், வேரோடு எடுத்தாச்சு என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. விரல் விட்டு எண்ணினார். எண்பத்துமூன்று நாள் ஆகியிருந்தது.

எதிர் வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அம்மாள் அரசாங்கத் தளத்தில் தேடி அந்தச் சட்டத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"இருபத்தாறு பக்கம் இருக்கு. யாருக்கு?"

"எனக்குத்தான்."

"ரெண்டு வரி வாடகை நோட்டீஸை நாலு தடவ என்கிட்ட வந்து படிக்கச் சொன்ன ஆளு நீ."

"அது எனக்குப் பிடிக்காத விஷயம். இது வேற."

ஒரு பிள்ளையின் அக்கவுண்டைத் தான் அழித்த விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டு, அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து படித்தார். முதல் மூன்று பக்கம் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. இந்தப் பிரிவில் சொன்னதற்கு அந்தப் பிரிவைப் பார்க்க, அந்தப் பிரிவுக்கு இந்த உட்பிரிவைப் பார்க்க என்று ஆளைச் சுற்றவிட்டது. அப்புறம் ஒரு தாளைத் திருப்பிப் போட்டு, பென்சிலை எடுத்து, சர்க்யூட் போடுகிற மாதிரி போட ஆரம்பித்தார். ஒன்பதாம் பிரிவு ஒரு கட்டம். அதிலிருந்து பதினொன்றுக்கு ஒரு கோடு. பதினொன்றிலிருந்து பதினாலுக்கு ஒரு கோடு. ஜெராக்ஸ் அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன இது, டிவி வரையறியா?"

"இங்க பாருங்க. ஒம்போது, விஷயம் தெரிஞ்ச யாரு வேணாலும் புகார் குடுக்கலாம். பதினொண்ணு, போன்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிப் புகாரைத் தள்ளக் கூடாது, ஒரு நாளைக்குள்ள ஸ்டேஷன்லேர்ந்து கம்பெனிக்குக் கேட்டு எழுதணும். பதினாலு, கம்பெனி எடுத்துக் குடுக்கணும். பதினேழு, பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாது. லைன் எல்லாம் ஒழுங்காத்தான் போட்டிருக்கான்."

"அப்ப எங்க கோளாறு?"

பதினொன்றாம் கட்டத்தில் பென்சிலை அழுத்தினார். முனை ஒடிந்தது. "இங்கதான் கட் ஆயிருக்கு. அந்த ரைட்டர் மேசையில."

அவள் மீதிப் பக்கங்களைப் புரட்டினாள். இருபத்திரண்டாம் பிரிவில் நின்றாள். "இதைப் பாத்தியா? ஆதாரத்தை அழிச்சவனுக்கு மூணு வருஷம்."

"பாத்தேன்."

"உன்னைத்தான்யா சொல்றான்."

"அதான் பாத்தேன்னு சொல்றேன்ல."

அன்று மத்தியானம் அக்கா வீட்டில் மச்சானும் இருந்தார். திருப்புளி தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். மச்சான் தொடவே இல்லை.

"ஆறிப்போன விஷயத்தை ஏன்யா திரும்பக் கிளர்றே? அவன் அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ணலையே."

"பண்ணலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மச்சான்? இவகிட்ட பண்ணல. இப்ப எந்த வீட்டுப் பிள்ளைகிட்ட இருக்கானோ."

"ஊருக்கெல்லாம் நாம காவலா? நாலு பேருக்குத் தெரிஞ்சா இவ எப்படித் தலை நிமிர்ந்து நடப்பா?"

"இப்ப நடக்கறாளா?" அக்காதான் கேட்டாள். அவ்வளவு நேரம் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள், துணியைக் கீழே வைத்துவிட்டாள். "நாப்பது நாளா அந்த ரூமை விட்டு வராளா? தலை நிமிர்ந்து நடக்கறதைப் பத்திப் பேசறீங்க."

திருப்புளி எழுந்து சாத்தியிருந்த கதவுக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். உள்ளே விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வாலு. நான் பேசறேன், நீ பேச வேணாம். அன்னைக்கு நீ காட்டினே, நான் பாக்கல. உன் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் பெரிய யோக்கியன்னு கவுத்து வெச்சேன். அழிச்சதும் நான்தான். அது இன்னும் முழுசா அழியல. ஏழு நாள் பாக்கி இருக்கு. போய்க் கேக்கப் போறேன். உன்னை யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது, சட்டத்துல இருக்கு, நாலு தடவ படிச்சுட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அவன் அந்த கேம்ல என்ன பேர்ல இருந்தான்? சொல்ல இஷ்டம் இல்லன்னா சொல்லாதே. உன் அக்கவுண்ட் பேரை வெச்சே கேட்டுப் பாக்கறேன்."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவு ஒரு சாண் திறந்தது.

"நீங்க பாக்கலன்னு எனக்குத் தெரியும்" என்றாள் வாலு. "நான் உக்காந்து உங்களையேதான் பாத்துட்டு இருந்தேன்."

"ம்."

"கோவம் இன்னும் இருக்கு."

"இருக்கட்டும். வெச்சுக்க."

"பேனா இருக்கா? நடுவுல எண் எல்லாம் வரும். தப்பா எழுதிடாதீங்க."

எழுத்து எழுத்தாகச் சொன்னாள். திருப்புளி உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். தாளில் எழுதியிருக்கலாம், அந்த நேரத்தில் தாள் எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. எழுதி முடித்ததும் அவள் கையைப் பிடித்துப் பார்த்து ஒரு எழுத்தைத் திருத்தச் சொன்னாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். இந்தத் தடவை தாழ் போடவில்லை.

மறுநாள் காலையில் காவல் நிலையம். அதே ரைட்டர்.

"மறுபடியும் நீயா? அன்னைக்கே சொன்னேன்ல, ஒண்ணுமே இல்லன்னு."

"போன்ல இல்ல சார். கம்பெனிகிட்ட இருக்கு. பதினொண்ணாம் பிரிவுல நீங்க கேட்டு எழுதணும்னு போட்டிருக்கு."

"யாரு நீ, வக்கீலா?"

"போன் ரிப்பேர் சார்."

"அப்ப போய் போனை ரிப்பேர் பண்ணு. எனக்குச் சட்டம் சொல்லித் தர வராதே."

"சொல்லித் தரல சார். படிச்சுக் காட்டறேன். நீங்க படிச்சிருந்தா அன்னைக்கே எழுதியிருப்பீங்க."

பெஞ்சில் காத்திருந்த இருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். ரைட்டரின் காது சிவந்தது. எழுத முடியாது, ஆக வேண்டியதைப் பார்த்துக்கொள் என்றார். "சரி, எழுத முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதையும் கேக்கலாம்னு ஒம்போதாம் பிரிவுல இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திருப்புளி பெஞ்சில் உட்கார்ந்தார். போகச் சொன்னார்கள், போகவில்லை. இடம் வேண்டும் என்று எழுப்பினார்கள், எழுந்து சுவரோரம் நின்றார். ஒரு காவலர் அவருடைய சட்டைப் பையைப் பார்த்துவிட்டு, கூரான பொருளோடு நிலையத்துக்குள் நிற்கக் கூடாது என்று திருப்புளிகளை வாங்கி வைத்தார். "பத்திரம். அந்தச் சின்னதுக்கு முனை போனா வேற கிடைக்காது" என்று சொல்லித்தான் இவர் கொடுத்தார். மதியம் சாப்பிடப் போகவில்லை. ரைட்டர் தன் டிபன் டப்பாவைத் திறக்க முயன்றார், மூடி இறுகிக்கொண்டது. யாரும் கேட்காமலே திருப்புளி வாங்கி, விளிம்பில் ஒரு தட்டுத் தட்டித் திறந்து கொடுத்தார். "இதுக்காக எழுதிடுவேன்னு நினைக்காதே" என்றார் ரைட்டர். "இது வேற சார். அது உங்க கடமை" என்றார் திருப்புளி.

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டரம்மா வந்தார். நாளெல்லாம் எங்கேயோ வெயிலில் நின்றுவிட்டு வந்த முகம். சுவரோரம் நிற்கிறவர் யார் என்று கேட்டார். ரைட்டர் ஏதோ சொன்னார். அந்த அம்மா கையை நீட்டி இருபத்தாறு பக்கத்தையும் வாங்கினார். புரட்டினார். சர்க்யூட் போட்டிருந்த பக்கத்தில் நின்றார்.

"இது என்னங்க?"

"சட்டம்தாங்க மேடம். எனக்குப் புரியற மாதிரி போட்டேன்."

அதைச் சற்று நேரம் பார்த்தார். ஒடிந்த பென்சில் முனையின் கறுப்புப் புள்ளியில் விரலை வைத்தார். ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"உள்ள வாங்க" என்றார்.

உள்ளே உட்கார வைத்துப் பொறுமையாகத்தான் பேசினார். "கேட்டு எழுதறேன். இன்னைக்கே எழுதறேன். ஆனா ஒரு விஷயம். அக்கவுண்ட் எந்தத் தேதி, எப்படி அழிஞ்சதுன்னு போட்டாத்தான் கம்பெனி தேடும். குழந்தையே அழிச்சதாப் போட்டா விஷயம் சுலபமா முடியும். பதிமூணு வயசு, பயந்துபோய் அழிச்சா, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீங்க அழிச்சதாப் போட்டா இருபத்திரண்டாம் பிரிவு வருது. எதிர் வக்கீல் முதல்ல உங்களைத்தான் பிடிப்பான். நீங்களும் அவனுக்கு உடந்தையோன்னு கேப்பான். கேஸ் முடியறவரைக்கும் உங்க கடைக்கு எவளும் போன் கொண்டு வர மாட்டா. யோசிச்சுக்கங்க."

திருப்புளி யோசித்தார், அப்படி ஒன்றும் அதிக நேரம் இல்லை. இத்தனை வருடம் கவிழ்த்து வைத்துச் சம்பாதித்த பெயர். கடைத்தெருவில் நாளைக்கே என்ன பேசுவார்கள் என்பது அவருக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும்.

"அவ அழிச்சான்னு எழுதினா, அதுவும் அவ தலைலதானே விழும் மேடம். ஏற்கெனவே எல்லாத்தையும் அவதான் சுமக்கறா. இதையும் ஏத்த முடியாது. பேனா குடுங்க."

எட்டாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதினார். இன்ன தேதியில், இன்ன நேரத்தில், என் அக்கா மகளின் அக்கவுண்டை நான்தான் அழித்தேன். உள்ளே என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். வேலை நோட்டின் அந்தப் பக்கத்தையும் இணைத்தார். உள்ளங்கையில் இருந்த பெயரை இன்ஸ்பெக்டரம்மாவே படித்து எழுதிக்கொண்டார். புகாருக்கு ரசீது வேண்டும் என்றார் திருப்புளி. கொடுத்தார்கள். அது ரைட்டரின் கையெழுத்திலேயே இருக்க வேண்டும் என்றார். அதையும் கொடுத்தார்கள்.

எண்பத்தாறாம் நாள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. இருக்கிறது, எடுத்து வைத்துவிட்டோம் என்று. அதைப் பிடித்துக்கொண்டு போலீஸ் போனபோது, அந்த ஆள் வேறொரு ஊரில் கண்ணாடியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய கம்ப்யூட்டரில் இன்னும் பதினோரு பிள்ளைகளின் பேச்சு இருந்தது. இரண்டு பேரிடம் முந்தின நாள்கூடப் பேசியிருக்கிறான். இதை இன்ஸ்பெக்டரம்மா வீட்டுக்கு வந்து சொன்னபோது மச்சான் எழுந்து முகம் கழுவப் போனார். திரும்பி வர நேரமாயிற்று.

இன்ஸ்பெக்டரம்மா சொன்னது கடை விஷயத்திலும் அப்படியே நடந்தது. வேரோடு அழிச்சவனாமே, என்னத்தை மறைக்கவோ என்று பேச்சு. இரண்டு மாதத்துக்குப் பெண்கள் யாரும் வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். திருப்புளி சட்டத்தின் ஒன்பதாம் பிரிவும் பதினொன்றாம் பிரிவும் இருந்த பக்கங்களைக் கண்ணாடியில் உள்ளிருந்து ஒட்டினார், தெருவைப் பார்த்து. பின்மூடி விளம்பரங்களைக் கிழித்துவிட்டுத்தான் ஒட்டினார். "எதுக்குய்யா இது, ஊரைக் கூட்டவா?" என்று கேட்டாள் ஜெராக்ஸ் அம்மாள். "நிக்கறவங்க சும்மா நிக்காம படிக்கட்டும்" என்றார்.

கோர்ட்டில் விசாரணை நடந்த நாளில் மச்சான் கிடங்கில் விடுப்புச் சொல்லிவிட்டு வண்டியோடு கடை வாசலில் நின்றார். "ஏறு" என்றார். பிள்ளைகளின் வாக்குமூலத்தைத் தனி அறையில் முன்பே எடுத்துவிட்டார்கள், அவர்கள் யாரும் அந்தக் கூடத்துக்கு வரத் தேவையிருக்கவில்லை. அவன் மட்டும் தன் வக்கீலுக்குப் பின்னால் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான்.

வக்கீல் திருப்புளியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி நிறுத்தி, வளைத்து வளைத்துக் கேட்டார். "இந்த வழக்கோட முதல் ஆதாரத்தை அழிச்சது நீங்கதானே?"

"ஆமா."

"யாரும் கட்டாயப்படுத்தாம, ரெண்டு தடவ உறுதி பண்ணி அழிச்சீங்க?"

"ஆமா."

"ஆக, அழிச்சது நீங்கதான்."

"இதோட மூணு தடவ கேட்டுட்டீங்க சார். மூணு தடவையும் ஆமாதான். முப்பது தடவ கேட்டாலும் ஆமாதான். நான் பண்ணினதை நான் எழுதிக் குடுத்துட்டேன், அதுக்கு என்ன உண்டோ அதைக் குடுங்க. உங்க பின்னாடி உக்காந்திருக்கற ஆளை எழுந்து நிக்கச் சொல்லி, அவன் பண்ணினதை அவன்கிட்ட ஒரு தடவ கேளுங்க."

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று நீதிபதி கண்டித்தார். பிறகு, போதும், போய் உட்காரலாம் என்றார்.

திருப்புளி உட்காரவில்லை. அவன் எழுதுவதை நிறுத்தி நிமிர்கிறவரை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.